குபோவும் இரண்டு தந்திகளும்: படம் பார்த்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் தெருப் பிள்ளைகளுக்கும், அவர்களை அழைத்து வரும் பெரியவர்களுக்கும் வீட்டு மொட்டை மாடியில் ஒரு படம் போட்டுக் காட்டுவது சில ஆண்டுகளாக என் வழக்கம். அப்படிக் காட்டியவற்றுள் 'குபோ அண்ட் த டூ ஸ்டிரிங்ஸ்' என்ற படத்தை மட்டும் பிள்ளைகள் கேட்டுக் கேட்டு நான்கு முறை போட்டாகிவிட்டது. நான்கு முறையும் பாயைச் சுருட்டி முடிப்பதற்குள் ஏறக்குறைய அதே கேள்விகள் வந்தன. மறுநாள் காய்கறிக் கடையிலும் வந்தன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே ஒழுங்குபடுத்தி எழுதியிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். பாதிக்கு மேல் கதையின் முடிச்சுகள் அவிழும். அந்த இடம் வரும்போது எச்சரிக்கிறேன்.

இது யார் எடுத்த படம்? கதை என்ன?

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள லைக்கா என்ற ஸ்டுடியோ தயாரித்து 2016 ஆகஸ்டில் வெளியிட்ட அசைவூட்டப் படம் இது. இயக்கியவர் டிராவிஸ் நைட். அந்த ஸ்டுடியோவின் தலைவரும் அவர்தான். ஆனாலும் இயக்குநராக அவருக்கு இதுவே முதல் படம். ஸ்டுடியோவுக்கு இது நான்காவது முழுநீளப் படம்.

பழைய ஜப்பானில், கடலோரக் குன்றின் உச்சியிலுள்ள குகையில், ஒற்றைக் கண்ணுடைய குபோ என்ற சிறுவன் நோயுற்ற தாயோடு வாழ்கிறான். காலையில் அவளுக்குச் சோறு ஊட்டிவிட்டு ஊருக்குள் இறங்கி, தந்தி வாத்தியத்தை மீட்டி, அந்த இசைக்குத் தானாக மடிந்து எழும் காகித உருவங்களைக் கொண்டு கதை சொல்லிப் பிழைக்கிறான். பொழுது சாய்வதற்குள் குகைக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது தாயின் கட்டளை. ஒருநாள் அது தவறுகிறது. நிலா உலகத்து அரசனான அவனுடைய தாத்தா, எஞ்சியிருக்கும் இன்னொரு கண்ணையும் பறிக்க அவனுடைய இரட்டைச் சித்திகளை அனுப்புகிறார். சாமுராயாக இருந்த தந்தை தேடிய வாள், மார்புக் கவசம், தலைக்கவசம் ஆகிய மூன்றையும் தேடிக் குபோ புறப்படுகிறான். துணைக்கு ஒரு குரங்கும் ஒரு வண்டு மனிதனும் வருகிறார்கள்.

ஜப்பான் கதை என்றால் இது அனிமேதானே?

இல்லை. அனிமே என்ற சொல்லை ஜப்பானில் எல்லா அசைவூட்டப் படங்களுக்கும் பயன்படுத்துகிறார்கள் என்றாலும், வெளியே நாம் அந்தச் சொல்லால் குறிப்பது ஜப்பானில் ஜப்பானியர் எடுக்கும் படங்களைத்தான். இது அமெரிக்கர்கள் ஆங்கிலத்தில் எடுத்த படம். ஜப்பானில் இது திரைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதாவது அமெரிக்காவில் வெளியாகி ஓராண்டுக்கும் மேல் கழித்து.

இந்த வேறுபாடு வெறும் பெயர்ச் சண்டை இல்லை. இயக்குநர் எட்டு வயதில் தம் தந்தையோடு ஜப்பானுக்குப் போய் மயங்கி வந்ததைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். விருந்தாளியாகப் போனவர் நினைவிலிருந்து கட்டிய வீடு போன்ற படம் இது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் பல கேள்விகளுக்கு விடை எளிதாகக் கிடைக்கும்.

முழுக்கக் கம்ப்யூட்டரில் செய்ததுதானே? பொம்மை பொம்மை என்று ஏன் சொல்கிறீர்கள்?

குபோ, குரங்கு, வண்டு, சித்திகள் எல்லோரும் கையால் தொடக்கூடிய பொம்மைகள். உள்ளே உலோக மூட்டுகள் உண்டு. கலைஞர் பொம்மையின் கையை ஓர் இழை நகர்த்துவார், ஒரு படம் எடுப்பார், மறுபடியும் நகர்த்துவார். இதற்கு ஸ்டாப் மோஷன் என்று பெயர். ஒரு விநாடிக்கு 24 படச்சட்டங்கள். ஏறக்குறைய 100 நிமிடப் படத்துக்குக் கணக்குப் போட்டால் 1,44,000 வருகிறது. ஒரு வாரம் முழுக்க வேலை செய்த கலைஞரின் கையில் சனிக்கிழமை இருப்பது சில விநாடிப் படம்தான்.

முகபாவங்களில்தான் அதிசயம் இருக்கிறது. முகத்தைப் புருவப் பகுதி, வாய்ப் பகுதி என்று இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாவத்துக்கும் தனித்தனித் துண்டை முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் வண்ணத்தோடு அச்சிட்டு எடுத்து, ஒவ்வொரு படச்சட்டத்துக்கும் கழற்றி மாட்டுகிறார்கள். குபோவுக்கு மட்டும் 4,429 புருவங்கள், 11,007 வாய்கள். இரண்டையும் மாற்றி மாற்றிச் சேர்த்தால் 4 கோடியே 80 லட்சத்துக்கும் மேற்பட்ட பாவங்கள் பிறக்கின்றன. இரு துண்டுகளும் சேருமிடத்தில் முகத்தின் குறுக்கே ஒரு கோடு தெரியும். அதைப் பிறகு கணினியில் அழிக்கிறார்கள். இந்த அச்சு முறைக்காக அதை உருவாக்கிய லைக்கா தொழில்நுட்பக் கலைஞர்களுக்கு 2016-இல் ஆஸ்கர் அமைப்பின் அறிவியல் தொழில்நுட்ப விருது தனியே கிடைத்தது.

கணினிக்கு வேலையே இல்லை என்று சொன்னால் அது பொய். கடல், வானம், தூரத்துக் கூட்டம் எல்லாம் பெரும்பாலும் கணினி வரைந்தவை. எது பொம்மை, எது கணினி என்று கண்டுபிடிப்பதை எங்கள் மாடிப் பிள்ளைகள் ஒரு விளையாட்டாகவே ஆக்கிவிட்டார்கள். நானும் பல இடங்களில் தோற்றிருக்கிறேன்.

அந்தப் பெரிய எலும்புக்கூடுமா பொம்மை?

ஆம். 16 அடி உயரம், ஏறக்குறைய 180 கிலோ எடை. ஸ்டாப் மோஷன் படங்களுக்காகச் செய்யப்பட்ட பொம்மைகளிலேயே மிகப் பெரியது என்று அதைச் சொல்கிறார்கள். அளவு பெரிதானால் வேலை எளிதாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். உள்ளங்கையளவுப் பொம்மையை நகர்த்துவது போலவே இதையும் இழை இழையாகத்தான் நகர்த்த வேண்டும், அதுவும் ஏணியில் ஏறி நின்றுகொண்டு.

இந்த உருவத்துக்கு ஜப்பானில் 'காஷாடொகுரோ' என்று பெயர். பட்டினியில் செத்தவர்களின் எலும்புகள் ஒன்றுகூடி எழுந்த பூதம் என்பார்கள். ஆதிகாலத்துப் பூதம் போலத் தோன்றினாலும், இந்தப் பெயரும் கதையும் 20-ஆம் நூற்றாண்டின் வெகுசன இதழ்களிலும் நூல்களிலும் பிறந்தவை. உருவத்துக்கு மட்டும் மூதாதை உண்டு: உதாகவா குனியோஷி என்ற ஓவியர் 1840-களில் வெளியிட்ட மரச்செதுக்கு அச்சோவியத்தில், மூங்கில் திரையைக் கிழித்துக்கொண்டு ஒரு மாபெரும் எலும்புக்கூடு எட்டிப் பார்க்கும்.

கதை எந்த நூற்றாண்டில் நடக்கிறது? படத்தில் ஆண்டே சொல்லவில்லையே?

சொல்லவில்லை, வேண்டுமென்றே சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஒரு தடயம் இருக்கிறது. குபோ வாசிக்கும் ஷாமிசென் என்ற தந்தி வாத்தியம் ஜப்பானின் பெருநிலத்துக்கு வந்தது 16-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு. சீனத்து மூன்று தந்தி வாத்தியம் ஒன்று ரியுக்யு தீவுகளுக்கு, அதாவது இன்றைய ஒக்கினாவாவுக்கு, வந்து அங்கிருந்து ஜப்பானுக்கு ஏறியது. ஆகவே கதையை அதற்கு முன்னால் வைக்க முடியாது. சாமுராய்கள் வாள் ஏந்தி நடப்பதை அரசு 1876-இல் தடை செய்துவிட்டதால், அதற்குப் பின்னாலும் வைக்க முடியாது.

இந்த முன்னூறு ஆண்டுகளுக்குள் எங்கே என்று கேட்டால், உள்நாட்டுப் போர்கள் ஓய்ந்து 1603-இல் தொடங்கிய எடோ காலத்தின் முற்பகுதி என்று நான் வைத்துக்கொள்கிறேன். ஊரில் போரின் அடையாளமே இல்லை. சாமுராய்களின் வீரம் ஏற்கெனவே சந்தையில் சொல்லும் கதையாகிவிட்டது. ஆனால் இது என் ஊகம்.

தந்தை ஹன்சோ என்பவர் உண்மையில் வாழ்ந்தவரா?

ஹத்தோரி ஹன்சோ என்று ஒரு சாமுராய் 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தார். எடோ காலத்தைத் தொடங்கிவைத்த தொக்குகாவா இயெயாசுவிடம் பணிபுரிந்தவர். நிஞ்சாக் கதைகளில் எல்லாம் வருவார். படத்தின் ஹன்சோவுக்கும் அவருக்கும் பெயரைத் தவிர வேறு ஒற்றுமை எதுவும் காட்டப்படவில்லை.

அந்த வாத்தியம் நம் வீணை மாதிரியா?

பார்வைக்கு ஓரளவு அப்படித் தோன்றலாம், அமைப்பு வேறு. ஷாமிசெனின் கழுத்தில் மெட்டுகள் கிடையாது. சிறிய சதுரக் குடத்தின் இருபுறமும் தோல் போர்த்தியிருப்பார்கள். மரபாகப் பூனைத் தோலோ நாய்த் தோலோ. விசிறி போல் விரிந்த 'பாச்சி' என்ற கட்டையால் தந்தியை அடிக்கும்போது அது தோலிலும் பட்டுத் தெறிப்பதால், இசையோடு ஒரு தாளச் சத்தமும் சேர்ந்தே எழும். சந்தைக் கூட்டத்தை நிறுத்தக் குபோ முதல் அடி அடிக்கும் இடத்தில் அந்தத் தெறிப்பைக் கவனித்துக் கேளுங்கள்.

கதைசொல்லியின் கையில் இந்த வாத்தியத்தைக் கொடுத்தது பொருத்தமான தேர்வு. ஜப்பானில் 'புன்ராக்கு' என்ற பொம்மலாட்டத்தில் ஒருவர் கதையைப் பாடிச் சொல்ல, பக்கத்தில் ஒருவர் ஷாமிசென் வாசிக்க, பொம்மைகள் நடிக்கும். கதை, தந்தி, பொம்மை மூன்றும் சேர்ந்த அந்த மரபை, பொம்மைகளைக் கொண்டே எடுத்த ஒரு படம் எடுத்தாண்டிருக்கிறது.

காகிதம் தானாக மடிகிறதே, அது ஏதாவது புராணத்தில் இருக்கிறதா?

மந்திரம் படக்குழுவின் கற்பனை. மடிக்கும் கலை உண்மை. 'ஒரி' என்றால் மடித்தல், 'காமி' என்றால் காகிதம். இரண்டும் சேர்ந்தது ஒரிகாமி. பொழுதுபோக்குக்காக மடிப்பதைப் பற்றி அறியப்பட்ட மிகப் பழைய அச்சு நூல் 1797-இல் வந்தது. அது ஆயிரம் கொக்குகளைப் பற்றியது.

சிவப்புக் காகிதத்தில் மடிந்து எழும் குட்டிச் சாமுராய் பயணம் முழுவதும் வாளை நீட்டி வழிகாட்டிக்கொண்டே வருவதைக் கவனியுங்கள். அவனுக்கு முகமே கிடையாது. 4,429 புருவம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் தோள் சரிவதையும் தலை திரும்புவதையும் வைத்தே அவன் மனநிலை நமக்குப் புரிந்துவிடுகிறது. படத்தில் எனக்கு மிகவும் பிடித்த நடிகர் அவர்தான்.

சாமுராய் படம் என்றீர்கள். இங்கே இருப்பதோ குரங்கும் வண்டும்!

வண்டு மனிதன் தன்னைச் சாமுராய் என்று சொல்லிக்கொள்கிறான். சாபத்தால் இப்படி ஆகிவிட்டேன் என்கிறான். அவன் கையில் இருப்பது வில். சாமுராய் என்றதும் நமக்கு வாள்தான் நினைவுக்கு வரும் என்றாலும், தொடக்கக் காலச் சாமுராய்களின் முதன்மை ஆயுதம் வில்தான். அவர்களுடைய வாழ்க்கை நெறியையே 'குதிரையும் வில்லும் செல்லும் வழி' என்று அழைத்தார்கள்.

வண்டைத் தேர்ந்தெடுத்ததிலும் ஒரு நயம் உண்டு. சாமுராயின் தலைக்கவசத்துக்கு 'கபுத்தோ' என்று பெயர். காண்டாமிருக வண்டுக்கு ஜப்பானிய மொழியில் 'கபுத்தோமுஷி', அதாவது தலைக்கவசப் பூச்சி. கவசத்தின் நெற்றியில் கொம்பு போல் எழும் அணிக்கு 'குவகத்தா' என்று பெயர். கொம்பு வண்டுக்கு 'குவகத்தாமுஷி'. ஹன்சோவின் குலச்சின்னமும் கொம்பு வண்டுதான். குபோவின் உடையில் முதுகுப்பக்கம் அது இருக்கிறது. தலைக்கவசத்தைத் தேடிப் போகும் பயணத்தில் தலைக்கவசத்தின் பெயரைத் தாங்கிய பூச்சியே துணையாக வருகிறது.

எத்தனை வயதுப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்?

அமெரிக்கத் தணிக்கை, பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்கலாம் என்றது. என் அனுபவத்தில் எட்டு வயதுக்கு மேல் பயமில்லை. அதற்குக் கீழே இருப்பவர்கள் எலும்புக்கூட்டைக் கண்டு அஞ்சுவதில்லை, கைதட்டுகிறார்கள். முகமூடி அணிந்து நீரின்மேல் மிதந்து வரும் இரட்டைச் சித்திகளைக் கண்டுதான் அஞ்சுகிறார்கள். 'நோ' என்ற ஜப்பானிய மரபு நாடகத்தின் முகமூடிகளைப் போன்ற அந்த அசையாத புன்னகையிலிருந்து இனிமையான குரல் வருவது பெரியவர்களுக்கே ஒரு மாதிரிதான் இருக்கிறது. பெற்றோரை இழக்கும் காட்சிகளும் உண்டு; அண்மையில் வீட்டில் அப்படி ஏதும் நடந்திருந்தால் நீங்கள் முதலில் தனியாகப் பார்த்துவிடுங்கள்.

இறந்தவர்களுக்கு விளக்கு வைக்கும் திருவிழா உண்மையிலேயே இருக்கிறதா?

இருக்கிறது, அதன் பெயர் ஓபோன். ஜப்பானின் பெரும்பாலான பகுதிகளில் ஆகஸ்ட் நடுவிலும், தோக்கியோ போன்ற சில இடங்களில் ஜூலை நடுவிலும் வரும். முன்னோரின் ஆவிகள் அந்தச் சில நாள்கள் வீட்டுக்கு வருவதாக நம்பிக்கை. வாசலில் தீ மூட்டி வரவேற்பார்கள், கல்லறையைக் கழுவுவார்கள், படையல் வைப்பார்கள், ஊர்கூடி ஆடுவார்கள், பிறகு மறுபடியும் தீ மூட்டியோ ஆற்றில் விளக்கு மிதக்கவிட்டோ வழியனுப்புவார்கள்.

ஓபோன் என்ற பெயரை 'உல்லம்பனம்' என்ற வடசொல்லோடு தொடர்புபடுத்துவார்கள். அதற்குப் பின்னாலுள்ள பௌத்தக் கதையில், புத்தரின் சீடரான மொக்கல்லானர், இறந்துபோன தம் தாய் பசித்த ஆவிகளின் உலகில் வாடுவதைத் தம் ஞானக்கண்ணால் காண்கிறார். புத்தர் சொன்னபடி துறவிகளுக்கு உணவளித்து அவளை மீட்கிறார். தாயைக் காக்க அலையும் மகன், கண் என்ற இரண்டும் அந்தக் கதையிலேயே இருக்கின்றன. படக்குழு அதை நினைத்துத்தான் எழுதியதா என்பது வேறு; ஓபோன் இரவன்று குபோவின் பயணம் தொடங்குவது அந்தப் பழங்கதையோடு அழகாகப் பொருந்திப்போகிறது.

நிலா அரசன் ஜப்பானியக் கடவுளா?

ஜப்பானியத் தொன்மத்தில் நிலாக் கடவுள் உண்டு; பெயர் த்சுகுயோமி. 712-இல் தொகுக்கப்பட்ட 'கோஜிகி' என்ற தொன்ம நூலின்படி, இசானகி என்ற ஆதித் தந்தை ஆற்றில் முகம் கழுவியபோது இடக்கண்ணிலிருந்து சூரிய தேவியும் வலக்கண்ணிலிருந்து நிலாக் கடவுளும் பிறந்தார்கள். அந்த நிலாக் கடவுள் தம் பேரனின் கண்ணைப் பறித்ததாகக் கதை எதுவும் இல்லை. படத்தின் தாத்தா புதிதாகப் படைக்கப்பட்ட பாத்திரம்.

இதைவிட நெருக்கமானது மூங்கில் வெட்டியின் பழங்கதை. மூங்கிலுக்குள் கிடைத்த பெண் உண்மையில் நிலா உலகத்தவள். கடைசியில் நிலாவாசிகள் இறகு ஆடையைப் போர்த்தி அழைத்துப் போகிறார்கள். அதைப் போர்த்தியதுமே மண்ணுலகப் பாசமெல்லாம் அவளுக்கு மறந்துவிடுகிறது. நிலாவில் துயரம் இல்லை, ஆனால் நினைவும் இல்லை. படத்தின் நிலா உலகமும் இதே குளிர்ச்சி கொண்டது.

ஆஸ்கர் வாங்கியதா? வசூல் எப்படி?

சிறந்த அசைவூட்டப் படம், சிறந்த காட்சி விளைவுகள் என்று இரண்டு பிரிவுகளில் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது; இரண்டும் கிடைக்கவில்லை. காட்சி விளைவுகள் பிரிவுக்கு ஓர் அசைவூட்டப் படம் பரிந்துரைக்கப்பட்டது ஆஸ்கர் வரலாற்றில் அது இரண்டாம் முறைதான். பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது. வசூல் சுமார்தான்: ஏறக்குறைய 6 கோடி டாலர் செலவு, உலகமெங்கும் 7.7 கோடி டாலர் வரவு. திரையரங்குகளின் பங்கு போனால் கையில் மிஞ்சியிருக்காது.

*இதற்குப் பின்னுள்ள கேள்விகளைப் படம் பார்த்த பிறகு படியுங்கள்.*

தாத்தா ஏன் கண்ணையே கேட்கிறார்? கொல்ல வேண்டுமானால் கொல்லலாமே?

அவர் பேரனைக் கொல்ல வரவில்லை. அழைத்துப் போக வருகிறார். பார்வையற்ற அவருக்கு மனிதர்களின் அழுகையோ சிரிப்போ தெரியாது. தெரியாததைக் குறை என்று அவர் நினைக்கவில்லை, நிறைவு என்று நினைக்கிறார். பேரனுக்கும் அந்த நிறைவைத் தர விரும்புகிறார். அவர் அளவில் அது பாசம்தான். அதனால்தான் வெறும் அரக்கனைவிட அவர் நம்மைக் கூடுதலாக அச்சுறுத்துகிறார். அவருடைய மகள்கள் மூவரில் ஒருத்தி ஹன்சோவைக் கொல்லப் போனவள். அவன் கண்களைப் பார்த்தாள், திரும்பவில்லை. கண்ணால் பார்த்தால் என்ன ஆகும் என்பதைக் கிழவர் ஒருமுறை அனுபவித்துத் தெரிந்துகொண்டவர்.

கல்லறையில் எல்லோருடைய முன்னோரும் வந்தார்கள், குபோவின் அப்பா மட்டும் ஏன் வரவில்லை?

அவர் சாகவில்லை என்பதால். ஓபோனில் வீட்டுக்கு வருபவை இறந்தவர்களின் ஆவிகள்தான் என்று மேலே சொன்னேன். வண்டு மனிதன்தான் ஹன்சோ. சித்திகள் அவருடைய நினைவைப் பறித்து, உருவத்தை மாற்றி அலையவிட்டிருந்தார்கள். பதில் வராத கோபத்தில் குபோ விளக்கைக் கசக்கி எறிகிறான், பொழுது சாய்ந்துவிடுகிறது, எல்லா வினையும் அங்கிருந்து தொடங்குகிறது. இரண்டாம் முறை பார்ப்பவர்களுக்கு அந்த மௌனம் துக்கமாக இல்லாமல் நற்செய்தியாகத் தெரியும்.

குரங்குதான் தாய் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடும் தடயங்கள் உண்டு. இலைக் கப்பலின் தளத்தில் மூவரும் உட்கார்ந்து மீன் சாப்பிடும் காட்சியை நிறுத்திப் பாருங்கள். குரங்கு மீனை அரிந்து வைக்கிறது, வண்டு ஏதோ உளறுகிறது, நடுவில் குபோ. இருவருக்கு நடுவில் உட்கார்ந்து தான் இதுவரை சாப்பிட்டதே இல்லை என்ற பொருளில் அவன் ஒரு வார்த்தை சொல்கிறான். தாயும் தந்தையும் மகனும் ஒரே பந்தியில் அமர்ந்திருக்கிறார்கள். அங்கிருக்கும் மூவரில் குரங்குக்கு மட்டும்தான், அதுவும் பாதி, உண்மை தெரியும்.

தலைப்பில் இரண்டு தந்தி, வாத்தியத்தில் மூன்று. கணக்கு உதைக்கிறதே?

எல்லாக் காட்சியிலும் யாராவது ஒருவர் கேட்கும் கேள்வி இது. கடைசிச் சண்டையில் ஷாமிசெனுக்குத் தந்தி இல்லை, அறுந்துவிட்டது. குபோ தன் மணிக்கட்டில் சுற்றி வைத்திருந்த தாயின் தலைமுடியை ஒரு தந்தியாகவும், தந்தையின் வில் நாணை இன்னொன்றாகவும் கட்டுகிறான். தலைப்பின் இரண்டு தந்திகள் அவை. மூன்றாவதாகத் தன் முடியையே பிடுங்கிக் கட்டுகிறான். தலைப்பில் 'குபோவும்' என்று ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார். அவரையும் சேர்த்து எண்ணினால் கணக்கு சரியாகிவிடும்.

அவ்வளவு பாடுபட்டுத் தேடிய கவசத்தைக் கடைசியில் கழற்றிப் போடுகிறானே, பிறகு எதற்குத் தேடினான்?

பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி இதைக் கோபமாகவே கேட்டாள். அவள் கோபம் நியாயம்தான். வாள் எலும்புக்கூட்டின் மண்டையிலும், மார்புக் கவசம் ஏரிக்கடியில் கண்களின் தோட்டத்திலும், தலைக்கவசம் சொந்த ஊரிலேயே மணியாகத் தொங்கிக்கொண்டும் இருந்தன. மூன்றையும் அணிந்து நிற்கும் குபோ, தன் தந்தையின் பழைய கதையில் நுழைந்து நிற்கிறான். அந்தக் கதை தந்தைக்கே வெற்றி தரவில்லை. வாத்தியத்தைக் கையில் எடுக்கும்போதுதான் அவன் தன் தொழிலுக்குத் திரும்புகிறான். அவன் போர்வீரன் இல்லையே. முதல் காட்சியிலிருந்து கதைசொல்லிதானே.

தேடியது வீணா என்றால், தேடிப் போயிருக்காவிட்டால் மேலே சொன்ன அந்த மீன் சாப்பாடு கிடைத்திருக்காது. வில் நாணும் கிடைத்திருக்காது.

ஜப்பானியர் கதைக்கு ஏன் வெள்ளைக்கார நடிகர்களின் குரல்?

இந்தக் குறை படம் வெளியானபோதே அமெரிக்காவில் எழுந்தது. குரங்குக்கு சார்லிஸ் தெரோன், வண்டுக்கு மேத்யூ மெக்கானஹே, தாத்தாவுக்கு ரால்ஃப் ஃபியன்ஸ், சித்திகளுக்கு ரூனி மாரா, குபோவுக்கு அயர்லாந்துச் சிறுவன் ஆர்ட் பார்க்கின்சன். ஜப்பானிய வம்சாவளியினரான ஜார்ஜ் டக்கேய், கேரி ஹிரோயுக்கி தாகாவா ஆகியோருக்கு ஊர்க்காரர்களின் சிறு வேடங்கள்தான் கிடைத்தன. குறை சொன்னவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்பது என் கருத்து. குரல்கள் நன்றாக இருக்கின்றன என்பது அதற்குப் பதிலாகாது.

விருந்தாளி கட்டிய வீடு என்று இரண்டாம் கேள்வியில் சொன்னேனே, அதன் விரிசல்கள் வேறு இடங்களிலும் தெரியும். குபோ என்பது ஜப்பானில் பெரும்பாலும் குடும்பப் பெயர். சிறுவனை வீட்டில் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். அதே விருந்தாளி உற்றுப் பார்த்தவற்றையும் சொல்லத்தான் வேண்டும். கியோஷி சைத்தோ (1907–1997) என்ற மரச்செதுக்கு அச்சோவியரின் பாணியைப் பின்பற்றியதால், பாறை, மண், வானம் எல்லாவற்றிலும் மெல்லிய மரவரிகள் ஓடுகின்றன. படத்தை நிறுத்திவிட்டுத் திரைக்கு அருகே போய்ப் பாருங்கள். பனிப்பரப்பில்கூட அந்த வரிகள் இருக்கும்.

கடைசியில் ஊரே சேர்ந்து தாத்தாவிடம் பொய் சொல்கிறதே, அது சரியா?

இந்தக் கேள்விக்கு மாடியில் ஒருமுறை அரைமணி நேரம் வாக்குவாதம் நடந்தது. மனிதராகிவிட்ட நிலா அரசனுக்கு நினைவு இல்லை. தான் யார் என்று கேட்கிறார். தங்கள் வீடுகளை எரித்த குடும்பத்தின் தலைவரிடம், நீங்கள் கருணையுள்ளவர், பசித்தவர்க்குச் சோறிட்டவர், என் பிள்ளைகளுக்கு நடனம் கற்றுத் தந்தவர் என்று ஊரார் ஒவ்வொருவராகச் சொல்கிறார்கள்.

பொய்தான். ஆனால் படத்தில் நினைவிழந்தவர்கள் மூவர் என்பதைச் சேர்த்துப் பாருங்கள்: தலையில் அடிபட்டு மறக்கும் தாய், சாபத்தால் மறந்த தந்தை, கடைசியில் தாத்தா. முதல் இருவருக்காகவும் அவர்கள் கதையைச் சுமந்தவன் குபோ. தாய் நினைவு தெளியும் நேரங்களில் சொன்னதை அவன் மனத்தில் வைத்துக்கொண்டு மறுநாள் சந்தையில் சொன்னான். மூன்றாமவருக்கு அந்த வேலையை ஊர் எடுத்துக்கொள்கிறது. தாத்தாவின் பழைய குற்றங்களை ஊர் மறக்கவில்லை. மறந்தவர் அவர் மட்டும்தான். தெரிந்துகொண்டே சொல்கிறார்கள். மன்னிப்பு என்று அதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இருக்கிறது. மன்னிப்பதற்கு எதிரே குற்றம் செய்தவர் இருக்க வேண்டும், இங்கே இருப்பது வெறும் கிழவர்.

அன்று வாக்குவாதத்தை முடித்தவர் பக்கத்து வீட்டு ஆச்சி. அவருடைய கணவருக்கு மறதி நோய். மாலை ஆனால் தம் வேலை நேரம் முடிந்துவிட்டதா என்று கேட்பார், ஆச்சியும் முடிந்துவிட்டது என்பார். "நான் தினமும் சொல்லுறதுதானேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாயை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.